ஒரு வீடு போய் நான்கு வீடுகள்: 588 பவுண்டில் தடுக்கி நின்ற ஒரு திட்ட அனுமதி விண்ணப்பம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ஒரு நகரத்தில், 1930-களில் கட்டப்பட்ட தனி வீடு ஒன்றை இடித்துவிட்டு அதே மனையில் நான்கு வீடுகள் கட்டுவதற்காக ஒரு தமிழ்க் குடும்பம் 2025 ஜூன் 9 அன்று கவுன்சிலிடம் திட்ட அனுமதி கோரி விண்ணப்பித்தது. வரைபடங்கள் முழுமையாக இருந்தன. நிழல் விழும் கணக்கு, வாகனம் நிறுத்தும் இடம், குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடம் வரை எல்லாம் காட்டப்பட்டிருந்தன. ஆயினும் செலுத்திய கட்டணத்தில் 588 பவுண்டு குறைந்ததால் விண்ணப்பம் ஆறு வாரங்கள் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அந்த ஆறு வாரங்களின் நடுவில்தான் இந்தக் குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லும் பணியில் நான் சேர்ந்தேன். குடும்பத்தாரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஊர், கவுன்சில், முன்னர் பணியாற்றிய முகவர் ஆகிய விவரங்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டண விதிகள் இருக்கின்றன.

மனையின் பரப்பு 0.16 ஹெக்டேர். சாலை முனையில் அமைந்திருப்பதால் இரண்டு பக்கமும் வாசல் வைக்க வசதியானது. பழைய வீட்டின் உட்பரப்பு 210 சதுர மீட்டர். அதில் வாழ்ந்த தந்தை 2023 நவம்பர் நடுப்பகுதியில் காலமானார். அதற்குப் பின் வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணன், தங்கை, தம்பி ஆகிய மூவரும் வாரிசுகள். வீட்டை அப்படியே விற்பதைவிட, நான்கு வீடுகளாகக் கட்டி ஒன்றில் தங்கை குடியேறுவது என்றும் மற்ற மூன்றை விற்பது என்றும் முடிவு செய்தார்கள். கவுன்சிலிடம் முன்கூட்டியே கட்டணம் செலுத்தி ஆலோசனை கேட்டபோது, இரண்டிரண்டாக ஒட்டிய நான்கு வீடுகள் அந்தத் தெருவுக்குப் பொருந்தும் என்ற பதிலும் கிடைத்தது. அந்த ஆலோசனைக் கட்டணத்தை ஒவ்வொரு கவுன்சிலும் தானே நிர்ணயிக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே அளவாகச் சட்டம் விதிக்கும் விண்ணப்பக் கட்டணத்தோடு அதற்குத் தொடர்பில்லை. அதைச் செலுத்தியதற்காக இதில் கழிவும் கிடையாது.

கட்டணத்தைக் கணக்கிட்டவர் அண்ணன். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்த அட்டவணையின்படி, பத்துக்கும் குறைவான வீடுகளைக் கட்டக் கோரும் முழு விண்ணப்பத்துக்கு வீடு ஒன்றுக்கு 588 பவுண்டு. நான்கு வீடுகள் வருகின்றன, ஒரு வீடு போகிறது, ஆகவே கூடுவது மூன்று என்று எண்ணி அவர் 1,764 பவுண்டு செலுத்தினார். ஜூன் 17 அன்று கவுன்சிலின் கடிதம் வந்தது. உரிய கட்டணம் 2,352 பவுண்டு என்றும், மீதி 588 வந்துசேரும்வரை விண்ணப்பம் செல்லுபடியாகாது என்றும் அதில் இருந்தது.

அண்ணனின் கணக்கு கவனக்குறைவால் பிறந்ததன்று. அவர் நம்பியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டையும் நான் மதித்தே ஆராய்ந்தேன், ஏனெனில் இதே இடத்தில் இடறும் மற்றவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இடறுகிறார்கள்.

முதலாவது, விண்ணப்பப் படிவமே. படிவத்தில் குடியிருப்பு அலகுகள் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அங்கே கட்டப்போகும் வீடுகளை வகைவாரியாகவும் படுக்கையறை வாரியாகவும் நிரப்ப வேண்டும், பின்னர் இருக்கும் வீடுகளை நிரப்ப வேண்டும், முடிவில் நிகரமாகக் கூடுவது எத்தனை, குறைவது எத்தனை என்ற எண் வருகிறது. இந்த விண்ணப்பத்தில் அங்கே மூன்று என்று வந்தது. ஒரு அரசுப் படிவம் தானே கூட்டிக் கழித்து மூன்று என்று காட்டும்போது, கட்டணமும் மூன்றுக்குத்தான் என்று ஒருவர் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த எண் சேகரிக்கப்படுவது வீட்டு வசதிப் புள்ளிவிவரத்துக்காக. ஒரு பகுதியில் ஆண்டுக்கு எத்தனை வீடுகள் உண்மையில் கூடின என்பதைக் கவுன்சில் கணக்குக் காட்டவேண்டியிருக்கிறது. கட்டணத்தைக் கணிக்க அந்த எண்ணை யாரும் எடுப்பதில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. குடும்பத்துக்கு உறவினர் ஒருவர் 2019-இல் தம்முடைய வீட்டை இடிக்காமல் உள்ளே பிரித்து இரண்டு தனிக் குடியிருப்புகளாக மாற்றினார். அப்போது வீடு ஒன்றுக்கான கட்டணம் 462 பவுண்டு. அவர் செலுத்தியதும் ஒரே ஒரு 462 பவுண்டுதான். "ஒன்று இரண்டானது, கூடிய ஒன்றுக்கு மட்டும் கட்டினேன்" என்று அவர் சொன்னது உண்மை. கவுன்சில் அதை மறுக்காமல் ஏற்றதும் உண்மை. அப்படியானால் ஒன்று நான்காகும்போது கூடிய மூன்றுக்கு மட்டும்தானே என்று அண்ணன் கேட்டார். கவுன்சிலின் தொலைபேசியில் பேசியவர் இதற்கு விடை சொல்லவில்லை, தொகையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வாதம் நீண்டதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. விதியின் சொற்களை ஒருமுறை எடுத்துக் காட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அந்தச் சொற்கள் இருப்பது 1990-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 303-ஆம் பிரிவின்கீழ் 2012-இல் இயற்றப்பட்ட கட்டண விதிகளில். அதன் அட்டவணை, மேம்பாடுகளை வகைகளாகப் பிரிக்கிறது. புதிதாக வீடுகள் எழுப்புவது ஒரு வகை. ஏற்கெனவே உள்ள கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றி அதைத் தனித்தனிக் குடியிருப்புகளாக்குவது வேறொரு வகை. முதல் வகையில் கட்டணம், அந்த மேம்பாட்டால் உருவாக்கப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று சொல்லப்பட்டிருக்கிறது. இருந்த வீட்டைக் கழிக்கச் சொல்லும் ஒரு சொல்லும் அங்கே இல்லை. இரண்டாவது வகையிலோ, முன்பு ஒரே வீடாக இருந்தது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளாக மாறுமானால், கூடுதலாக வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று சொல்லப்பட்டிருக்கிறது. "கூடுதலாக" என்ற ஒற்றைச் சொல் ஒரு வகையில் இருக்கிறது, மற்றதில் இல்லை. உறவினர் செலுத்தியது சரி, கவுன்சில் இவர்களிடம் கேட்டதும் சரி. இருவரும் ஒரே அட்டவணையின் வெவ்வேறு வரிசைகளில் நின்றார்கள்.

இதை அண்ணனுக்கு விளக்க, அதே மனையில் செய்யக்கூடியதாக இருந்த வேறு திட்டங்களின் கட்டணத்தையும் கணக்கிட்டுக் காட்டினேன். பழைய வீட்டை நிறுத்திவைத்து அதன் பக்கத்திலும் பின்னாலும் மூன்று புதிய வீடுகள் கட்டுவதானால் உருவாக்கப்படுவது மூன்று, கட்டணம் 1,764 பவுண்டு. பழைய வீட்டின் சுவர்களை வைத்துக்கொண்டு உள்ளே நான்கு குடியிருப்புகளாகப் பிரிப்பதானால் கூடுதலாக வருவது மூன்று, கட்டணம் அதே 1,764. வீட்டை இடித்துவிட்டு நான்கு குடியிருப்புகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எழுப்புவதானால் 2,352, ஏனெனில் கட்டண விதியில் வீடு என்பது ஒரு கட்டடத்தின் பகுதியாக அமைந்த தனிக் குடியிருப்பையும் உள்ளடக்குகிறது. பழையதை இடித்து அதே இடத்தில் ஒரே ஒரு புதிய வீடு கட்டுவதானால் 588. இந்தக் கடைசிக் கணக்கு அவரை நிறுத்தி யோசிக்க வைத்தது. அவருடைய வழியில் கணக்கிட்டால் ஒன்று போய் ஒன்று வரும்போது கூடுவது பூச்சியம், கட்டணமும் பூச்சியமாக வேண்டும். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட விண்ணப்பிக்கும் எவரும் இலவசமாக விண்ணப்பிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

விதி ஏன் அப்படி அமைந்தது என்ற கேள்வியையும் தம்பி எழுப்பினார். என்னுடைய புரிதலைச் சொல்கிறேன். இந்தக் கட்டணம் வீட்டின் மீதான வரியன்று, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவை ஈடுகட்ட வாங்கப்படுவது. நான்கு புதிய வீடுகள் எழுப்பப்படும்போது நான்கின் சன்னல்களும் எங்கே பார்க்கின்றன, நான்கின் வாகனங்களும் எங்கே நிற்கும், நான்கின் மழைநீரும் எங்கே போகும் என்று அதிகாரி பார்த்தாக வேண்டும். இடிக்கப்படும் வீடு அந்த வேலையில் கால்பங்கைக்கூடக் குறைப்பதில்லை. அந்த வீடு எழும்பிய 1930-களில் இன்றைய திட்டமிடல் சட்டமே இல்லை. அதற்கு அடித்தளமிட்ட சட்டம் 1947-இல் இயற்றப்பட்டு 1948 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கும் வழக்கம் 1981-இல்தான் தொடங்கியது. ஆகவே பழைய வீட்டுக்கு முன்பே கட்டணம் செலுத்தியாயிற்று என்றும் சொல்ல முடியாது. உள்ளே பிரிக்கும் திட்டத்துக்கு மட்டும் ஏன் சலுகை என்றால், அங்கே கட்டடம் அப்படியே நிற்கிறது, ஒரு குடியிருப்பு முன்பும் இருந்தது பின்பும் இருக்கிறது, பரிசீலிக்க வேண்டியது கூடியவற்றை மட்டும். நான் இதை நியாயமான வேறுபாடு என்றே கருதுகிறேன்.

அண்ணன் ஜூலை 22 அன்று மீதி 588 பவுண்டைச் செலுத்தினார். விண்ணப்பம் அன்றே செல்லுபடியானதாகப் பதிவாயிற்று. பத்துக்குக் குறைவான வீடுகளுக்கான விண்ணப்பத்தில் கவுன்சில் முடிவு சொல்ல எட்டு வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். உரிய ஆவணங்களும் முழுக் கட்டணமும் வந்துசேர்ந்த பிறகே அந்த எட்டு வாரங்கள் ஓடத் தொடங்கும். முதலிலேயே முழுத்தொகை செலுத்தியிருந்தால் கெடு ஆகஸ்ட் 4 அன்று முடிந்திருக்கும். இப்போது அது செப்டம்பர் 16-க்குத் தள்ளிப்போனது.

கட்டண வாதத்தின் நடுவே, மலிவான வழி ஏதும் உண்டா என்று தம்பி கேட்டதால், கொள்கையளவிலான விண்ணப்பத்தையும் கணக்கிட்டுப் பார்த்தோம். கட்டடத்தின் தோற்றம், அமைப்பு முதலியவற்றைப் பின்னர் முடிவு செய்வதாக ஒதுக்கிவிட்டு, இந்த மனையில் நான்கு வீடுகள் கட்டலாமா என்பதை மட்டும் முதலில் கேட்கும் வகை அது. அங்கே கட்டணம் வீட்டின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, மனையின் பரப்பைப் பொறுத்தது. அப்போதைய அட்டவணையில் அரை ஹெக்டேருக்குக் குறைவான மனைக்கு ஒவ்வொரு 0.1 ஹெக்டேருக்கும் 588 பவுண்டு, மிச்சமாக வரும் துண்டும் முழு அலகாகவே எண்ணப்படும். ஆகவே 0.16 ஹெக்டேர் இரண்டு அலகுகளாகி 1,176 பவுண்டு. பார்க்கச் சரிபாதி போலத் தோன்றுகிறது. ஆனால் ஒதுக்கிவைத்த விவரங்களுக்கு ஒப்புதல் கேட்கும் அடுத்த கட்டத்தில், முழு விண்ணப்பத்துக்கு உரிய அதே 2,352 பவுண்டைச் செலுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 3,528. கொள்கையளவிலேயே மறுப்பு வரக்கூடிய மனைக்கு, முதல் தொகையோடு நின்றுவிடலாம் என்பதால் இந்த வழி பொருந்தும். இங்கே கவுன்சில் முன் ஆலோசனையிலேயே நான்கு வீடுகளை ஏற்றிருந்தது. எனவே அந்த 1,176 பவுண்டு வீண் செலவாகியிருக்கும். இந்த வகை விண்ணப்பத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: வரைபடத்தில் மனையைச் சுற்றி வரையும் சிவப்புக் கோடு தேவைக்கு மேல் விரிந்து 0.2 ஹெக்டேரைத் தாண்டினால் மூன்றாவது அலகுக்கும் கட்டணம் சேரும்.

மூன்று வீடுகள் கொண்ட திட்டத்தையும் நான்கு வீடுகள் கொண்ட திட்டத்தையும் ஒரே நாளில் மாற்றுத் திட்டங்களாகக் கொடுத்தால் என்ன என்று தங்கை கேட்டார். ஒரே விண்ணப்பதாரர் ஒரே நிலத்துக்கு மாற்றுத் திட்டங்களைச் சேர்த்துக் கொடுக்கும்போது, எதன் கட்டணம் அதிகமோ அது முழுமையாகவும் மற்றதில் பாதியும் செலுத்தப்படும். இங்கே 2,352-உடன் 1,764-இல் பாதியான 882 சேர்ந்து 3,234 ஆகும். அது தேவைப்படவில்லை.

மறுப்பு வந்தால் இலவசமாக மறுபடி விண்ணப்பிக்கலாமே என்றும் பேச்சு எழுந்தது. உறவினர் சொன்ன இன்னொரு செய்தி அது. 2019-இல் அது உண்மையாக இருந்தது. மறுக்கப்பட்ட அல்லது திரும்பப் பெறப்பட்ட விண்ணப்பத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் அதே தன்மையில் ஒருமுறை கட்டணமின்றிக் கொடுக்கும் சலுகை அப்போது இருந்தது. 2023 டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், அன்று முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகையை நீக்கிவிட்டது. இப்போது மறுப்பு வந்தால் அடுத்த விண்ணப்பத்துக்கும் முழுக் கட்டணம். அதுவும் அன்றைய அட்டவணைப்படி. 2012-இல் 385 ஆகவும், 2018 ஜனவரியில் 462 ஆகவும், 2023 டிசம்பரில் 578 ஆகவும் இருந்த வீட்டுக்கான தொகை, 2025 ஏப்ரல் முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று விலைவாசி உயர்வுக்கு ஏற்பப் பத்து விழுக்காட்டு வரம்புக்குள் உயரும்படி ஆக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் செய்ததை அப்படியே பின்பற்றுவது நம் குடும்பங்களில் இயல்பு, அதில் அன்பும் நம்பிக்கையும் இருக்கின்றன. ஆனால் இந்தத் துறையில் அந்த இடைவெளிக்குள் தொகையும் சலுகையும் இரண்டுமே மாறிவிட்டன.

பத்து வீடுகளுக்கு நெருங்கும் திட்டம் வைத்திருப்போருக்காக ஒரு வரி: 2025 ஏப்ரல் அட்டவணையின்படி பத்து முதல் ஐம்பது வரையான வீடுகளுக்கு வீடு ஒன்றுக்கு 635 பவுண்டு, அது பத்தாவது வீட்டுக்கு மட்டுமன்றி எல்லா வீடுகளுக்கும் பொருந்தும். ஒன்பது வீடுகளுக்கு 5,292, பத்துக்கு 6,350.

இதுவரை சொன்னது விண்ணப்பக் கட்டணம். இந்த நிகழ்வில் எனக்கு உண்மையான அச்சத்தைத் தந்தது வேறொன்று.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் யாரோ பூட்டிய வீட்டின் பின்கதவை உடைத்து உள்ளே போயிருந்தார்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்கும் அறிவிப்பும் வந்திருந்தது. 2024 ஏப்ரல் முதல், ஓராண்டுக்கு மேல் காலியாக இருக்கும் வீட்டுக்கு அப்படி உயர்த்தக் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. அண்ணன் மனம் வெறுத்து, அனுமதி எப்படியும் வரத்தான் போகிறது, இப்போதே வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிடலாம் என்று இடிப்பு ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்டுவிட்டார். இடிப்புக்கு முன்னறிவிப்பு கொடுத்து ஒப்புதல் பெறும் தனி நடைமுறை ஒன்று இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. அந்தக் கட்டணத்தைப் பற்றி என்னிடம் கேட்கத்தான் அவர் தொலைபேசியில் அழைத்தார். அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் கவுன்சில் சமூக உட்கட்டமைப்பு வரி விதிக்கும் கவுன்சில். புதிதாக எழும் கட்டடத்தின் உட்பரப்புக்குச் சதுர மீட்டர் கணக்கில் விதிக்கப்படுவது அது. சாலை, பள்ளி, பூங்கா போன்றவற்றுக்காகப் பெறப்படுகிறது. இந்த வரியில்தான் அண்ணன் எதிர்பார்த்த கழிவு இருக்கிறது. இடிக்கப்படும் கட்டடத்தின் பரப்பைப் புதிய பரப்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள். அனுமதி கிடைக்கும் நாளில் அந்தக் கட்டடம் மனையில் நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த நாளோடு முடியும் மூன்று ஆண்டுகளுக்குள், குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ச்சியாக அது சட்டப்படியான பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும்.

நான்கு புதிய வீடுகளும் ஒவ்வொன்றும் 115 சதுர மீட்டர், மொத்தம் 460. பழையது 210. கழித்தால் வரிக்கு உரியது 250. கவுன்சிலின் வீதம் சதுர மீட்டருக்கு 150 பவுண்டு என்று எடுத்துக்கொண்டால் (வீதம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும், ஆண்டுதோறும் குறியீட்டுக்கு ஏற்ப மாறவும் செய்யும்) கழிவோடு 37,500 பவுண்டு, கழிவின்றி 69,000 பவுண்டு. வேறுபாடு 31,500. ஆறு வாரங்கள் 588 பவுண்டுக்காக வாதாடிய குடும்பம், அனுமதிக்கு முன்பே வீட்டை இடித்திருந்தால் அதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேற்பட்ட தொகையை ஒரே நாளில் இழந்திருக்கும்.

"அண்ணா, வீட்டை ஒரு கல்லும் அசைக்காதீங்க, கதவை மட்டும் பலகை அடிச்சு மூடுங்க" என்று சொன்னேன். அவர் மூடினார்.

இரண்டாவது நிபந்தனைதான் கட்டண வாதத்தையும் இந்த வரியையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது. தந்தை அந்த வீட்டில் கடைசியாக வாழ்ந்தது 2023 நவம்பர் நடுப்பகுதி. அனுமதி எந்த நாளில் வருகிறதோ அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பின்னோக்கி எண்ண வேண்டும். 2025 இலையுதிர் காலத்தில் அனுமதி வந்தால், தந்தை வாழ்ந்த ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் விழுகிறது. ஆனால் அனுமதி 2026 மே நடுப்பகுதிக்குப் பின்னால் போனால், அந்த வட்டத்துக்குள் விழும் வாழ்ந்த காலம் ஆறு மாதங்களுக்குக் குறைந்துவிடும். வீடு நின்றாலும் கழிவு போய்விடும். கட்டண வாதம் இன்னும் சில மாதங்கள் நீண்டு, பின்னர் மறுப்பும் மேல்முறையீடும் சேர்ந்திருந்தால் அந்தத் தேதியைத் தாண்டியிருக்கும். தாமதத்துக்கும் ஒரு விலை இருந்தது, அது விண்ணப்பக் கட்டண அட்டவணையில் எழுதப்படவில்லை. தந்தை வாழ்ந்ததற்குச் சான்றாக அவர் பெயரிலான கவுன்சில் வரிக் கணக்குகள், மின்சாரப் பட்டியல்கள் ஆகியவற்றைத் தங்கை தேடி எடுத்து வைத்தார். துயரமான வேலை அது. ஒவ்வொரு தாளிலும் அப்பாவின் கையெழுத்தில் "செலுத்தியாகிவிட்டது" என்று தேதியோடு குறித்திருந்தது.

தங்கை தாமே குடியிருக்கப்போகும் வீட்டுக்குச் சலுகை உண்டா என்பதும் இங்கே வந்தது. தமக்கென வீடு கட்டிக் குடியேறுவோருக்குச் சமூக உட்கட்டமைப்பு வரியில் விலக்குக் கோரும் வழி இருக்கிறது. வேலை தொடங்குமுன்பே கோரி, முறைப்படி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கட்டி விற்பவருக்கும் கட்டிக் குடியேறுபவருக்கும் கட்டணம் ஒன்றுதான்.

செப்டம்பர் 16 நெருங்கியபோது, மழைநீர் வடிகால் பற்றிய ஒரு விளக்கத்துக்காக அதிகாரி காலநீட்டிப்புக் கேட்டார். எழுத்தில் ஒப்புக்கொள்வதா என்று குடும்பம் தயங்கியது. 2023 டிசம்பருக்குப் பின் கொடுக்கப்படும் இத்தகைய சிறு விண்ணப்பத்துக்குப் பதினாறு வாரங்களுக்குள் முடிவு வராவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. எழுத்தில் காலநீட்டிப்புக்கு ஒப்புக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். பதினாறு வாரங்கள் நவம்பர் 11 அன்றுதான் முடியும். 2,352 பவுண்டைத் திரும்பப் பெறும் நம்பிக்கையில் அதிகாரியோடு முரண்பட்டு, எட்டாவது வாரத்தில் ஒரு மறுப்பை வரவழைத்துக்கொள்வது மடமை என்று நான் வெளிப்படையாகவே சொன்னேன். அக்டோபர் இறுதிவரை நீட்டிக்க ஒப்புக்கொண்டார்கள். அக்டோபர் 24 அன்று அனுமதி வந்தது. அந்த நாளில் வீடு, பலகை அடித்த கதவோடு, நின்றுகொண்டிருந்தது.

அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. வேலை தொடங்குமுன் வடிகால் அமைப்பு, கட்டுமானக் காலப் போக்குவரத்து, மண் சோதனை ஆகியவற்றுக்கு ஒப்புதல் பெற வேண்டும். பின்னர் செங்கல், கூரை ஓடு, வேலி, மரம் நடுதல் ஆகியவற்றுக்கும். ஒப்பந்தக்காரர் ஒவ்வொன்றையும் தயாரானவுடன் தனித்தனியாக அனுப்ப நினைத்தார். நிபந்தனைகளுக்கு ஒப்புதல் கேட்பதற்கான கட்டணம், 2025 ஏப்ரலில் 145-இலிருந்து 298 பவுண்டாக உயர்ந்தது, நிபந்தனை எத்தனை என்பதைப் பொறுத்ததன்று. ஒரு கோரிக்கைக்கு ஒரு கட்டணம். ஏழு தனிக் கோரிக்கைகளுக்கு 2,086 பவுண்டு, ஏறத்தாழ விண்ணப்பக் கட்டணத்துக்குச் சமம். தொடங்குமுன் வேண்டியவற்றை ஒரு கோரிக்கையாகவும் பிற்பாடு வேண்டியவற்றை இன்னொன்றாகவும் சேர்த்தால் 596. முதற்கோரிக்கை ஒரு வாரம் தாமதமானாலும் சேர்த்தே அனுப்பச் சொன்னேன்.

தம்பிக்கு ஒரு வீட்டின் பின்சன்னலை அகலப்படுத்தும் ஆசை இருந்தது. அது அற்பமான மாற்றம் என்று கவுன்சில் ஏற்றால் 298 பவுண்டு. நிபந்தனையை மாற்றக் கோரும், 1990 சட்டத்தின் 73-ஆம் பிரிவு விண்ணப்பம்தான் வேண்டும் என்றால் இந்த அளவுத் திட்டத்துக்கு 586. சன்னல் பக்கத்து வீட்டுத் தோட்டத்தைப் பார்ப்பதால் இரண்டாவதுதான் தேவைப்படும் என்று அதிகாரி சொல்லவே, ஆசையை விட்டுவிட்டார்.

இப்போது மிச்சமிருப்பது வரிசைமுறை. இந்தத் திட்டத்தில் பழைய வீட்டை இடிப்பதே வேலையைத் தொடங்குவதாக எண்ணப்படும், அடித்தளம் தோண்டுவது அல்ல. ஆகவே தொடங்குமுன் பெறவேண்டிய ஒப்புதல்கள் இடிப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சமூக உட்கட்டமைப்பு வரிக்கான தொடக்க அறிவிப்பும் இடிப்புக்கு முந்தைய நாளுக்குள் கவுன்சிலைச் சென்றடைய வேண்டும், இல்லையென்றால் தங்கைக்கு விலக்குக் கிடைத்தாலும் அபராதத் தொகை சேரும். முதற்கோரிக்கை 298 பவுண்டோடு போய்விட்டது, பதில் வரவில்லை. தொடக்க அறிவிப்புப் படிவத்தை மூவரும் கையெழுத்திட்டு என்னிடம் தந்திருக்கிறார்கள். தேதிக்கான கட்டம் மட்டும் நிரப்பப்படாமல் இருக்கிறது.